ஜீப் போன பிறகு முகாம்

எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் உங்களுக்கு 14 வருஷமாக ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுப்பவன். உறுப்பினர் இல்லை. ஆனாலும் உங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தை உறுப்பினர்கள் சிலரைவிட நான் அதிகம் பார்த்திருப்பேன். பில் பணம் வாங்க வந்து, ஓட்டல் மாடியில் கடைசி வரிசை நாற்காலியில் காத்திருந்தே நடைமுறை எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஏழரை என்று போட்டு எட்டேகாலுக்கு மணி அடிப்பீர்கள். ஒருவர் நால்வழிச் சோதனையை, அதாவது நினைப்பதும் சொல்வதும் செய்வதும் சரியா என்று பார்க்க ரோட்டரி வைத்திருக்கும் நாலு கேள்விகளை, வாசிப்பார். பிறந்தநாள் வாழ்த்து, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை, தேசிய கீதம், அப்புறம் பரோட்டா. கிண்டல் செய்யவில்லை. கடையைச் சாத்திவிட்டு வாரம் ஒருநாள் நாலு பேர் ஊரைப் பற்றிப் பேச உட்காருவது நல்ல பழக்கம்தான். ஊர்ப் பெயரை எழுதாமல் விடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில், கேரள மலையைப் பார்த்திருக்கும் எந்த ஊர் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செப்டம்பரில் ‘மாபெரும் இலவசக் கண் சிகிச்சை முகாம்’ என்று பத்துக்கு ஆறு அடியில் நாலு ஃப்ளெக்ஸ் அடித்தேன். வெள்ளிக்கிழமை, காலை 9 முதல் மதியம் 1 வரை, கல்யாண மண்டபத்தில். அன்றைக்கு முகூர்த்தம் இல்லை, மண்டபத்தை வாடகை இல்லாமல் கொடுத்தார்கள், அதனால் வெள்ளிக்கிழமை. சரி. வந்தவர்கள் யார்? ஓய்வுபெற்ற வாத்தியார்கள், கடைவீதிக்காரர்கள். என் அப்பாவும் வந்தார். அவரிடம் ஏற்கெனவே மூன்று கண்ணாடி இருக்கிறது.

யாருக்குக் கண் பார்க்க வேண்டுமோ அவர்கள் அப்போது மலைமேல் இருந்தார்கள். ஒருநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப் ஸ்டாண்டில் வந்து நின்று பாருங்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, கக்கத்தில் மழைக்குப் போர்த்தும் படங்கு. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நான் எழுதினால் டிரைவர்கள் என் கடைக்கு வந்துவிடுவார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று பிரிந்து ஆறரைக்குள் எல்லா வண்டியும் கிளம்பிவிடும். திரும்பி இறங்க மாலை ஐந்தோ ஆறோ ஆகும். வீடு தேனி மாவட்டம், வேலை இடுக்கி மாவட்டம். இரண்டு பக்கத்திலும் ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் இருப்பார்கள்.

ஏலக்காய் எப்படிக் காய்க்கிறது என்று நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். புற்றடியிலும் போடியிலும் ஏலம் விடுவதற்கு வருகிற காயைத்தான் நமக்குத் தெரியும். செடி ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், காய் அடித்தூரில் தரையோடு ஓடும் சரத்தில் இருக்கும். மேலே பெரிய மரங்களின் நிழல், மழைக்காலத்தில் மூட்டம், காலில் அட்டை. பிஞ்சும் பச்சை, முற்றியதும் பச்சை. குனிந்தபடியே முற்றியதை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். கண் மங்கினால் பிஞ்சும் சேர்ந்து வந்துவிடும், சாயங்காலம் எடை போடும் இடத்தில் திட்டு விழும். அவர்களுக்குக் கண்தான் கூலி.

எங்கள் எதிர் வீட்டு அக்காவுக்கு வலது கண்ணில் புரை. இரண்டு வருஷம் முன்பு வேறொரு முகாமில் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள். ஒரு பைசா செலவில்லை. அக்கா ஏறவில்லை. கேட்டதற்கு, “மூணு நாள் கூலிய யாரு தம்பி தருவா? காயெடுப்பு நேரத்துல நான் நின்னுட்டா ஜீப்புல என் எடத்துல வேற ஆளு ஏறிரும்” என்றார். அந்தச் சீட்டு இன்னும் அவர் வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி இருக்கிறது.

இதில் உங்கள் தப்பு என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது, அது காலண்டர். உங்கள் வருஷம் ஜூலை 1ல் பிறக்கிறது. புதுத் தலைவர், புது வேகம், முதல் நாலு மாதத்தில் முகாம் மேல் முகாம். மலையில் காயெடுப்பு சூடு பிடிப்பதும் அப்போதுதான், தை மாசி வரைக்கும் ஓடும். பங்குனி, சித்திரையில் அங்கே வேலை குறைந்து, வாரத்தில் சில நாள் ஜீப்பே வராது. ஆபரேஷனுக்குத் தோதான காலம் அதுதான். அந்த நேரத்தில் உங்கள் தலைவருக்குப் பதவி முடிகிற களைப்பு. போன ஏப்ரலில் நான் உங்களுக்கு அடித்தது ஒரே ஒரு நீர்மோர்ப் பந்தல் பேனர்.

இரத்ததான முகாமும் எனக்கு மறக்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை நடந்தது, அதனால் தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். விரலில் குத்தி எடுத்த சொட்டை நீலக் கரைசலில் விட்டார்கள். மூழ்கினால் ரத்தம் கொடுக்கலாம். மிதந்தால் ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே, கொடுக்க முடியாது. வந்த பெண்களில் இரண்டு பேரைத் தவிர எல்லோருடைய சொட்டும் மிதந்தது. “ரத்தம் பத்தாதும்மா, போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டோம். பெயர் எழுதவில்லை, எங்கே போய்க் காட்டுவது என்று சொல்லவில்லை, ஒரு இரும்புச்சத்து மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. எத்தனை யூனிட் சேர்ந்தது என்று மறுநாள் பேப்பரில் வந்தது. அன்றைக்கு அங்கே தெரியவந்த பெரிய சேதி, மிதந்த அந்தச் சொட்டுகள். நானும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் இருந்தேன், பழி எனக்கும் உண்டு.

உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. போலியோவை யாரும் மண்டபத்தில் உட்கார்ந்து விரட்டவில்லை. ரோட்டரி 1985ல் அந்த வேலையை எடுத்தது. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரி 13ல் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட குழந்தை, 2014 மார்ச்சில் போலியோ இல்லை என்ற சான்றிதழும் வந்துவிட்டது. சொட்டு மருந்து ஞாயிறுகளில் பஸ் ஸ்டாண்டிலும் செக்போஸ்ட்டிலும் நீங்கள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். குழந்தை எந்த மாநிலம் என்று யாரும் கேட்கவில்லை, வண்டியை நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னீர்கள். அதே செக்போஸ்ட் வழியாகத்தான் இந்த அக்காக்கள் தினமும் போகிறார்கள்.

இன்னொன்று, உங்கள் பெயரிலேயே இருக்கிறது. 1905 பிப்ரவரியில் பால் ஹாரிஸும் மூன்று நண்பர்களும் சிகாகோவில் கூடத் தொடங்கியபோது, கூட்டம் ஒவ்வொரு வாரமும் ஒருவருடைய அலுவலகத்தில் என்று சுற்றி வந்தது. அதனால்தான் ரோட்டரி என்று பெயர். நம் கூட்டம் 14 வருஷமாக அந்த மாடியைவிட்டு இறங்கவில்லை. வாரா வாரம் கூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. 2016க்குப் பிறகு மாதம் இரண்டு கூட்டம் போதும், சேவைப் பணியையே கூட்டமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் செயலாளர்தான் ஒரு கூட்டத்தில் வாசித்தார்; நான் பில்லுக்காக உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே மாதத்தில் ஒரு வியாழனை ஜீப் ஸ்டாண்டுக்குக் கொண்டுவாருங்கள், வண்டிகள் இறங்குகிற மாலை ஆறு மணிக்கு. நாலு பெஞ்சு, ஒரு கண் அட்டை, அதைப் படிக்க வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர், ரத்தம் பார்க்க ஒருவர். பெயரையும் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரிய முகாமைப் பங்குனியில் ஒரு ஞாயிறு, பத்து மணிக்கு மேல் வையுங்கள். அதற்கு முன்னால் அவர்களுக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கும். டாக்டரையும் ஆபரேஷனையும் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், தேனியிலேயே அரவிந்த் இருக்கிறது. அவர்களால் கொடுக்க முடியாதது அந்த மூணு நாள் கூலி. ஒரு பொன்னாடை என்ன விலை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நால்வழிச் சோதனையில் இரண்டாவது கேள்வி, எல்லோருக்கும் நியாயமா என்பது. அடுத்த முறை அதை வாசிக்கும்போது முகாம் தேதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன பதவியேற்பு விழா ஃப்ளெக்ஸ் பில் 6,400 ரூபாய் இன்னும் பாக்கி. அதை எனக்குத் தர வேண்டாம். எதிர் வீட்டு அக்காவுக்கும் துணைக்குப் போகிறவருக்கும் மூணு நாள் கூலியாகக் கொடுங்கள், மிச்சம் இருந்தால் நோட்டில் அடுத்த பெயருக்கு. இந்த முகாமுக்கு ஃப்ளெக்ஸும் வேண்டாம். நாலு ஜீப் டிரைவர்களிடம் சொன்னால் மலை முழுக்கத் தெரிந்துவிடும். வரும் வியாழன் காலை ஐந்தரைக்கு ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் இருப்பேன். உங்களில் இரண்டு பேர் வந்தால்கூடப் போதும், டிரைவர்களிடம் நானே பேசி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்காரன்