அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் விடுமுறை முடிந்ததும் கிடைக்கும். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். கபடியில் பெண்கள் அணி இறுதி ஆட்டம் வரை போனது. ஓவியம், கட்டுரை, அறிவியல் கண்காட்சி எல்லாவற்றிலும் பரிசு வந்திருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு வழக்கம்போலத் தொடரும். அனைவருக்கும் பாராட்டுகள்.

சரி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்: பள்ளிக் கேட்டில் வந்து சேரும் குப்பைக் கவர்கள்.

பள்ளியின் பின்பக்கம் தென்னைகளுக்கு நடுவே இரண்டு உரக்குழிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். நம் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படையின் மாணவர்கள்தான் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். சத்துணவுக் கூடத்தின் காய்கறித் தோலும் நொறுக்கிய முட்டை ஓடும் அங்கேதான் போகின்றன. ஒரு கூடை பச்சைக் கழிவுக்கு இரண்டு கூடை சருகு, மேலே கொஞ்சம் சாணிக் கரைசல், வாரம் ஒருமுறை கிளறல். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. குழியில் தண்ணீர் நின்றால் காற்றுப் போகாமல் நாறிவிடும் என்பதால் தென்னங்கீற்று முடைந்து மேலே கூரையும் போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு இரும்புக் கம்பியைக் குழிக்குள் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பார்கள். கம்பி சுட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஆறிக் கிடந்தால் மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள். பாடத்தில் படித்ததைக் கையால் தொட்டு அறிகிற பிள்ளைகளைப் பார்க்க எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

இந்தக் குழிக்கு வீட்டுக் காய்கறிக் கழிவையும் கொடுத்தனுப்பலாம் என்று ஜூலையில் நான்தான் சொன்னேன். முதல் இரண்டு மாதம் நன்றாகவே போனது. பலர் மூடிபோட்ட வாளியில் கொடுத்தனுப்பினீர்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு வாளி குறைந்து கவர் வரத் தொடங்கியது. பிள்ளையைப் பைக்கில் கொண்டுவந்து விடும்போதே கட்டிய கவர் ஒன்றைக் கேட் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் நானே எண்ணினேன், 11 கவர்கள். ஒன்றுக்குள் மரச்சீனி (மரவள்ளி) தோலும் மீன் தலையும் டயப்பரும் ஒன்றாகக் கிடந்தன.

நவம்பர் கடைசியில் அப்படி ஒரு கறுப்புக் கவரைப் பிரித்த ஏழாம் வகுப்பு மாணவியின் விரலைப் பழைய சவர பிளேடு கிழித்துவிட்டது. டீத்தூளுக்குள் புதைந்து கிடந்ததால் அவள் கண்ணில் படவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு, கட்டுப் போட்டு வந்தோம். இப்போது நலமாக இருக்கிறாள். அன்று மாலை வந்த அவளுடைய அம்மா சத்தம் போடவில்லை. “படிக்கத்தானே சார் அனுப்பினேன்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகளைக் கவர் பிரிக்க விட்டது என் தவறு. கையுறை கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறீர்கள். முந்திரி ஆலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் மூச்சுவிட நேரமில்லை. தூய்மைக் காவலர் வண்டி தெருவுக்கு வரும்போது பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. குப்பையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் பள்ளி திறந்த பிறகு கட்டிய கவர் எதுவும் கேட்டுக்குள் வராது. வைத்துவிட்டுப் போவது யார் என்று தெரிந்தால் நானே கூப்பிட்டு அதைத் திருப்பிக் கொடுப்பேன். பள்ளியில் வாங்கவில்லை என்று எதிரே ஓடும் கால்வாயில் எறிவதும் கூடாது. அந்தத் தண்ணீர்தான் கீழே நம் வாழைக்கும் வயலுக்கும் பாய்கிறது.

வீட்டிலேயே பிரிப்பது கடினமான வேலை இல்லை. அடுப்படியில் ஒரு வாளி மட்கும் கழிவுக்கு, பின்வாசலில் ஒரு சாக்கு மட்காததற்கு. பால் கவரைக் கழுவிக் காயவைத்து அந்தச் சாக்கில் போட்டால் நாற்றமே வராது, தூய்மைக் காவலருக்கு வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். பிளேடு, உடைந்த பல்பு, ஊசி இவற்றுக்கு மூடியுள்ள ஒரு பழைய டப்பா. டயப்பரும் நாப்கினும் செய்தித்தாளில் பொதிந்து தனியாக. மீன் கழிவைப் பள்ளிக்கு அனுப்பவே வேண்டாம், தென்னை மூட்டில் ஒன்றரை அடி தோண்டிப் புதைத்துவிடுங்கள், நம் பாட்டிமார் செய்தது அதுதான். விளை (தோட்டம்) உள்ளவர்கள் மட்கும் கழிவு எல்லாவற்றையுமே அங்கேயே மட்கவைக்கலாம். சருகு சரியாகப் போட்டால் இரண்டு, மூன்று மாதத்தில் உரமாகிவிடும். புழு வந்தால் பயப்பட வேண்டாம், ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் இரண்டு கை சருகு போடுங்கள்.

அப்புறம், ஆண்டு விழா. பொங்கல் கழிந்து வைத்திருக்கிறோம். போன வருட விழா முடிந்ததும் சாப்பிட்ட பேப்பர் தட்டுகளை, பேப்பர்தானே என்று குழியில் போட்டுவிட்டோம். நாலு மாதம் கழித்துக் கிளறியபோது தாள் மட்கிப்போயிருந்தது, அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மட்டும் பளபளவென்று கூடை கூடையாக வந்தது. அந்த உரம் முழுவதும் வீணாகிவிட்டது. பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் தெர்மாகோல் கப்பும் 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. இந்த முறை வாழை இலைதான். பாயசத்துக்கும் தண்ணீருக்கும் வீட்டுக்கு நான்கு எவர்சில்வர் டம்ளர் தந்து உதவினால் போதும், பின்பக்கம் நகப்பூச்சால் பெயர் எழுதிக் கொடுங்கள். உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு விதி சொல்கிறது. பஞ்சாயத்தில் நான் எழுதிக் கொடுத்துவிடுவேன். உங்கள் வீட்டில் வைத்து நடத்தும் கல்யாணத்துக்கும் இது பொருந்தும்.

பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதும் சாக்லேட் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் யோசியுங்கள். போன மாதம் ஒரு அப்பா மட்டி வாழைக்குலை ஒன்றைத் தோளில் சுமந்து வந்து வகுப்பில் இறக்கினார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பழம். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டார்கள், தோல் குழிக்குப் போனது, அன்று வகுப்பில் ஒரு தாள் கூடக் கிடக்கவில்லை. அவருக்கு என் நன்றி.

காய்கறித் தோலைப் பொறுமையாகப் பிரித்துத் தரும் சத்துணவு அம்மாவுக்கும், மழையிலும் வாளியோடு வந்த பெற்றோர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாமல் இந்தக் குழிகள் இத்தனை நாள் ஓடியிருக்காது.

கடைசியாக ஒரு உதவி. மார்கழி, தையில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பெருக்கிக் கூட்டித் தீ வைத்துவிடாதீர்கள். பள்ளி திறக்கும் அன்று வீட்டுக்கு ஒரு சாக்கு சருகு கொண்டுவாருங்கள், நான் காலை எட்டரை மணி முதல் கேட்டில் நின்று வாங்கிக்கொள்கிறேன். பக்கத்துக் குழியில் உரம் தயாராக இருக்கிறது. சருகைத் தட்டிவிட்டு அதே சாக்கில் அள்ளிக்கொண்டு போகலாம்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்