ஈழகேசரி பிறந்த ஊரில் ஈழகேசரி மக்கிப் போகலாமா? நன்கொடை வேண்டுகோள்

சுன்னாகத்து உறவுகளுக்கும், இந்த மண்ணில் பிறந்து எங்கெங்கோ வாழும் எங்கள் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறோம். பழைய ஈழகேசரிப் பத்திரிகைகளைப் படமெடுத்துக் காப்பாற்ற 475,000 ரூபா குறைகிறது. ஐப்பசி முடிவதற்குள் அது கைக்கு வந்துசேர வேண்டும்.

ஊரின் பழைய நாற்சார் வீடு ஒன்றில், காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவர் வருடக் கணக்காகச் சேர்த்துக் கட்டிவைத்த பத்திரிகைகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஈழகேசரி, நடுநடுவே சில இந்துசாதனம். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில். வீடு விற்றாகிவிட்டது. கார்த்திகை முதலாம் திகதி திறப்பைப் புதியவரிடம் கொடுக்க வேண்டும். கட்டுகளை ஒரு சதமும் வாங்காமல் எங்களுக்கே தந்துவிட்டார்கள், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் மழை தொடங்கிவிட்டால் அந்த ஓட்டுக்கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். ஒரு மூலையில் கறையான் ஏற்கெனவே ஏறிவிட்டது.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பத்திரிகை நேற்று முளைத்ததல்ல. அமெரிக்க மிஷனின் உதயதாரகை 1841 ஜனவரியிலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. சைவர்களின் குரலாக இந்துசாதனம் 1889இல் எழுந்தது. 1930 ஜூனில், குரும்பசிட்டியில் பிறந்த நா. பொன்னையா நம்முடைய சுன்னாகத்திலிருந்து ஈழகேசரியைத் தொடங்கினார். 1958 வரை அது நடந்தது. இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் என்று இன்று ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளாகப் படிக்கிறோமே, அவர்களெல்லாம் எழுதிய பத்திரிகை அது. அதே பொன்னையாதான் புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பியத்தை அச்சேற்றினார். எழுத்ததிகாரம் 1937இல் வந்தது. அந்தக் கணேசையர் பாடம் கேட்டது யாரிடம்? சுன்னாகம் குமாரசாமிப் புலவரிடம். சந்தைக்கும் மின்நிலையத்துக்கும் மட்டும் பெயர் போன ஊர் இல்லை இது. தமிழ் உலகம் சுன்னாகம் என்ற பெயரைப் புத்தக அட்டையில் வாசித்த காலம் ஒன்று இருந்தது.

சரி, பழைய தாளில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். பெரிய சரித்திரம் புத்தகங்களில் கிடைக்கும். 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்ததும், வாலிபர் காங்கிரஸ் என்ற இளைஞர் அமைப்பு சொல்லி யாழ்ப்பாணம் அந்த வருடத் தேர்தலைப் பகிஷ்கரித்ததும், 1934-35 மலேரியாக் கொள்ளைநோயும், 1942இல் சிங்கப்பூர் விழுந்து மலாயாவில் வேலை செய்தவர்கள் அனுப்பிய காசு நின்றுபோனதும் எங்கும் படிக்கலாம். அந்த நாட்களில் நம் ஒழுங்கையில் இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதுதான் கிடைக்காது. அது விளம்பரத்திலும் மரண அறிவித்தலிலும் சோதனை முடிவிலும் கோவில் கணக்குச் சண்டையில் எழுதிய கடிதத்திலும் கிடக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறோம். எங்கள் குழுவில் உள்ள ஒரு அம்மாவுக்குத் தன் பாட்டனார் இறந்த திதி தெரியாது. மலாயாவிலிருந்து திரும்பி வந்து இறந்தார் என்பது மட்டும்தான் வீட்டுக் கதை. ஆடி அமாவாசையோடு சரி, தனியாகத் திவசம் கிடையாது. முதல் கட்டைப் பிரித்துத் தூசி தட்டிய அன்று, கடைசிப் பக்கத்தில் நான்கு வரி அறிவித்தலில் அவருடைய பெயரும் இறந்த நாளும் இருந்தன. அம்மா தாளைத் தொடாமல் கைகூப்பிக்கொண்டு நின்றார். இந்த வருடம் முதன்முறையாகத் திவசம் கொடுத்தார்கள். உங்கள் வீட்டு ஆள் எந்தக் கட்டில் இருக்கிறாரோ!

தாள் ஏன் காத்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரிகைத் தாள் மலிவான மரக்கூழில் செய்தது. அதில் உள்ள அமிலமே அதை உள்ளிருந்து அரிக்கும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் மடித்த இடத்தில் அப்பளம் போல நொறுங்கும். ஒரு முறை நொறுங்கினால் ஒட்ட முடியாது. ஆகவே ஒரே வழி, கவனமாக விரித்து, மேலிருந்து படமெடுக்கும் கருவியால் ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்து, மூலத்தை அமிலமற்ற பெட்டியில் வைப்பதுதான். பழைய எழுத்து வடிவங்களைக் கணினி தானாக வாசிக்கும்போது தடுமாறுகிறது. அதனால் ஊர், ஆள், திகதி என்று ஒரு சுட்டியைப் பிள்ளைகள் கையால்தான் எழுத வேண்டும். வேறிடத்தில் ஏற்கெனவே எண்ணிம வடிவில் உள்ள இதழ்களை மறுபடி எடுத்து உங்கள் காசை வீணாக்க மாட்டோம்.

செலவு இதோ. படமெடுக்கும் கருவியும் விளக்கும் 480,000. இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு மாதம் 45,000 வீதம் ஆறு மாதம், 540,000. பெட்டிகளும் மெல்லிய ஒட்டுத்தாளும் 185,000. வெவ்வேறு இடங்களில் பிரதி வைக்க மூன்று சேமிப்பு வட்டு, 105,000. மொத்தம் 1,310,000 ரூபா. கையில் இருப்பது 835,000.

அந்த 835,000 எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். ரொறன்ரோவில் இரவு வேலை செய்யும் ஒரு தம்பி, பெயர் போட வேண்டாம் என்று சொல்லி, மூன்று தவணையில் இரண்டு இலட்சம் அனுப்பினார். நோர்வேயில் உள்ள சகோதரிகள் இருவர் தாயாரின் அந்தியேட்டிச் செலவைக் குறைத்து மிச்சத்தைத் தந்தார்கள். சந்தையில் வெற்றிலை விற்கும் அம்மா சனிக்கிழமை தவறாமல் 500 ரூபா கொண்டுவந்து கொடுக்கிறார். “எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி, என்ர பேரப்பிள்ளை வாசிக்கட்டும்” என்றார். ஓய்வுபெற்ற தபாற்காரர் ஐயா ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்தார். பாடசாலைப் பிள்ளைகள் உண்டியல் உடைத்த 3,640 ரூபாவும் இதில் உண்டு. கதிரமலைச் சிவன் இவர்கள் எல்லோரையும் காக்க வேண்டும்.

வெற்றிலைக் கடை அம்மா தருகிறார். மாடி வீடு கட்டிய சிலர் “பார்ப்போம்” என்றதோடு சரி. மனத்தாங்கலோடுதான் எழுதுகிறோம். பிறந்தநாள் மண்டபத்துக்கும் வெடிக்கும் கொடுப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் நவராத்திரிக்கு ஏடு அடுக்கிக் கும்பிட்டு, விஜயதசமியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்த கைகள் நம்முடையவை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தன. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. எரித்தவர்கள் மேல் இன்றைக்கும் கோபப்படுகிறோம், கோபப்படத்தான் வேண்டும். நம் கண்முன்னே கறையான் தின்ன விட்டால் யார் மேல் கோபப்படுவது?

ஐந்நூறு என்றாலும் ஐம்பதாயிரம் என்றாலும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவு ஒவ்வொரு மாத முதல் வாரமும் வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். காசு கொடுக்க முடியாதவர்கள் சனி, ஞாயிறு பின்னேரங்களில் வந்து தூசி தட்ட உதவலாம், பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் கட்டாயம் வாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பத்திரிகை இருந்தால் தயவுசெய்து ஒட்டுநாடா போடாதீர்கள், பிளாஸ்டிக் உறையிட்டு அழுத்தவும் வேண்டாம். கிடக்கிறபடியே ஒரு பலகையில் வைத்துக் கொண்டுவாருங்கள், படமெடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
பழைய பத்திரிகைப் பாதுகாப்புக் குழுவினர்,
சுன்னாகம்