டர்போவை மாற்றும் முன் காற்றுக் கசிவைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறையில் டர்பனுக்கும் ஜொகன்னஸ்பர்க்குக்கும் இடையே ஓடும் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள கார்களைப் பற்றி ஒரு புகார் திரும்பத் திரும்ப வருகிறது. ஊருக்குள் நன்றாக ஓடுகிற வண்டி, என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது இழுக்க மறுக்கிறது. இன்ஜின் விளக்கும் எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0299 என்ற பழுதுக் குறியீடு, அதாவது பூஸ்ட் (டர்போ ஏற்றித் தரும் காற்றழுத்தம்) போதவில்லை. உடனே டர்போ போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஒரு ஹோஸ் கிளாம்பு தளர்ந்திருந்தாலும் இதே குறியீடுதான் வரும். டர்போவுக்குப் பணம் கட்டுவதற்கு முன், கசிவுப் பரிசோதனை செய்தீர்களா என்று கேளுங்கள்.

மலையில் மட்டும் பழுது தெரிவதற்குக் காரணம் உண்டு. டர்பனில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜொகன்னஸ்பர்க்கில் அது 83 அளவுதான். மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) 180 கிலோபாஸ்கல் வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்டால், கடலோரத்தில் டர்போ காற்றை 1.8 மடங்கு அழுத்தினால் போதும், மேலே 2.2 மடங்கு அழுத்த வேண்டும். ஓட்டை அதே ஓட்டைதான். கீழே அதை ஈடுகட்டிக்கொண்டு ஓடிய டர்போவுக்கு மேலே அதற்குத் தெம்பு மிச்சமில்லை. மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வேக்யூம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களும் உயரத்தை மறக்கக்கூடாது. டர்பனில் ஐடிலில் (மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 18 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் நல்ல இன்ஜின், ஜொகன்னஸ்பர்க்கில் 13 முதல் 16 வரைதான் காட்டும். அதைக் கசிவு என்று நினைத்துப் பிரித்துப்போட வேண்டாம்.

டர்போ இன்ஜினில் எந்த இடத்தில் ஓட்டை என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். காற்றை அளக்கும் மாஃப் சென்சாருக்கும் டர்போவின் வாய்க்கும் நடுவில் விரிசல் என்றால், அளக்காத காற்று உள்ளே போகும். கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (மிதிக்கு ஏற்பக் காற்றைத் திறந்துவிடும் தட்டு) நடுவில் என்றால், அளந்த காற்று வெளியே போய்விடும். கம்ப்யூட்டரோ உள்ளே வந்துவிட்டது என்று நம்பி பெட்ரோலை ஊற்றும். மிதித்தால் கரும்புகை, கூடவே 'புஸ்' என்ற சத்தம். த்ராட்டிலுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைதான் ஆளைக் குழப்பும். ரோபோவில் (போக்குவரத்து விளக்கில்) நிற்கும்போது அது காற்றை உறிஞ்சி லீன் ஆக்கும். மேட்டில் மிதிக்கும்போது அதே ஓட்டை காற்றை வெளியே தள்ளி ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆக்கும். காலையில் பி0171 (லீன் குறியீடு) வந்தது, மாலையில் கரும்புகை வந்தது என்று இரண்டு பழுதாக எண்ணி ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று, மாஃப் சென்சார் ஒன்று என வாங்கிப் போடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முதலில் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் எண்களை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் இரண்டையும் கூட்ட வேண்டும். ஐடிலில் கூட்டுத்தொகை +20 சதவீதம், 2,500 சுற்றுக்கு ஏற்றினால் +5-க்கு இறங்குகிறது என்றால், த்ராட்டிலுக்குப் பின்னால் கசிவு இருக்கிறது. 2.0 லிட்டர் இன்ஜின் ஐடிலில் நொடிக்கு 3 கிராம் அளவுதான் காற்று குடிக்கும்; அப்போது சின்ன ஓட்டையும் பெரிய பங்கு. சுற்று ஏறினால் அந்தப் பங்கு கரைந்துவிடும். மாறாக, லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கடைந்த மாஃப், அல்லது டர்போவுக்கு முந்தைய குழாய் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். மாஃப் இல்லாமல் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பும் சிறிய டர்போ இன்ஜின்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவற்றில் த்ராட்டிலுக்குப் பின் கசிந்தால் ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐடில் வேகம் மட்டும் உயர்ந்து நிற்கும்.

அடுத்தது புகைப் பரிசோதனை: புகை இயந்திரத்தால் குழாய்களுக்குள் புகையை விட்டு, அது எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பது. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்; மேனிஃபோல்ட் கேஸ்கட் சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். மாஃப் சென்சாரை ஒட்டிய குழாயை அடைத்துவிட்டு, பிரேக் பூஸ்டர் ஹோஸ் வழியாகப் புகையை விடுங்கள். அழுத்தம் 1 பி.எஸ்.ஐ-க்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இன்ஜெக்டர் ஓ-ரிங், மேனிஃபோல்டின் அடிப்பக்கம், கிளிப் போட்ட இணைப்புகள் ஆகியவை கண்ணுக்கு எளிதில் படாதவை.

புகைக்கு அகப்படாத கசிவு மூன்று உண்டு. பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றால் புகை, அந்த ஆவியைச் சேமிக்கும் கேனிஸ்டருக்குள் போய்விடும், வெளியே வராது. பெட்ரோல் போட்டவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் அதைச் சந்தேகியுங்கள். கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது வால்வின் வாயில் விரல் வையுங்கள். கம்ப்யூட்டர் அதைத் திறக்கும்போது விட்டுவிட்டு உறிஞ்சலாம்; இடைவிடாமல் உறிஞ்சினால் வால்வு போய்விட்டது. இரண்டாவது, மிதியை விட்டதும் மிஞ்சிய பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு: அதன் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்தால் காற்று டர்போவின் முன்பக்கத்துக்கே சுற்றிக்கொண்டிருக்கும். கழற்றிப் பார்ப்பதே வழி. மூன்றாவது, கிராங்க் கேஸின் (இன்ஜினின் அடிப்பகுதியின்) ஆவியை இன்ஜினுக்கே திருப்பும் பி.சி.வி வால்வு. எண்ணெய் மூடியில் லேசான உறிஞ்சல் இயல்பு. மூடியைத் தூக்கவே பலம் வேண்டியிருந்தாலோ, டிப்ஸ்டிக்கை இழுத்ததும் விசில் சத்தம் நின்றாலோ டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இதை அப்படியே விட்டால் கிராங்க் பின்பக்க சீலும் சேர்ந்து போகும். கியர்பாக்ஸை இறக்காமல் அதை மாற்ற முடியாது.

1 பி.எஸ்.ஐ புகையில் ஒன்றும் தெரியாமல் பூஸ்டில் மட்டும் வாய் திறக்கும் ஹோஸ்களும் உண்டு. அதற்கு அழுத்தப் பரிசோதனைதான். குழாய்க் கடையில் கிடைக்கும் பி.வி.சி மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி டர்போவின் வாயில் மாட்டி, ரெகுலேட்டர் வழியாக முதலில் 5 பி.எஸ்.ஐ, பிறகு 15 வரை ஏற்றலாம். அந்த வண்டியின் பூஸ்டைத் தாண்டக்கூடாது. பி.சி.வி-யிலிருந்து டர்போ வாய்க்கு வரும் குழாயைக் கட்டாயம் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று கிராங்க் கேஸுக்குள் புகுந்து, நன்றாக இருந்த எண்ணெய் சீலையும் தள்ளிவிடும். மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். தெறித்தால் முகம் போகும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பிளாஸ்டிக் முனைகளைத் தவறவிடாதீர்கள். திறந்திருக்கும் வால்வுகள் வழியாகக் காற்று மெல்ல இறங்குவது இயல்பு. கேஜ் முள் அசைவதை வைத்து முடிவுகட்டாமல் குமிழியைத் தேடுங்கள்.

கார்ப் கிளீனரை ஓடும் இன்ஜினில் அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சிவக்கச் சிவக்கச் சூடேறும் டர்போவுக்குப் பக்கத்தில் அது தீயை அழைப்பதுதான். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் இன்னும் மோசம். சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகிறது. வேண்டுமானால் ரப்பர் வேக்யூம் குழாய்களை மழுங்கிய குறடால் ஒவ்வொன்றாக அழுத்தி, ட்ரிம் எண் எதில் இறங்குகிறது என்று பாருங்கள். கெட்டிப் பிளாஸ்டிக் குழாயை அழுத்தினால் உடையும்.

கழன்ற பூஸ்ட் ஹோஸை மாட்டுவதற்கு முன் உள்ளே படிந்த எண்ணெயைத் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெயில் ஹோஸ் வழுக்கிக்கொண்டு மறுபடி கழலும். சிலிக்கான் ஹோஸுக்குத் துளையிட்ட பட்டைக் கிளாம்பு வேண்டாம். அதன் துளைகளில் சிலிக்கான் பிதுங்கி அறுபடும். உள்பக்கம் வழவழப்பானது அல்லது டி-போல்ட் வகை போடுங்கள்.

டீசல் பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேக்யூமில் இயங்கும் ஆக்சுவேட்டர் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் தண்டை நகர்த்தும் கருவி) உள்ள டர்போவில், மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று வெடித்தாலே பூஸ்ட் வராது. கைப்பம்பால் ஆக்சுவேட்டருக்கு 20 அங்குலம் கொடுங்கள். தண்டு நகர்ந்து, முள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அது சரியாக இருந்தால் பம்பிலிருந்து வரும் குழாய்களைப் பாருங்கள்.

பழுது பார்த்த பிறகு குறியீட்டை மட்டும் அழித்துவிட்டு வண்டியைக் கொடுப்பது அரை வேலை. லாங் டேர்ம் ட்ரிம் பழைய கசிவின் கணக்கை நினைவில் வைத்திருக்கும். அதையும் அழித்து, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டி, திரும்பவும் ஐடிலிலும் 2,500 சுற்றிலும் எண்களைக் குறித்துப் பாருங்கள். இரண்டும் ±5 சதவீதத்துக்குள் நின்றால் டர்பன் அருகே உள்ள ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஒருமுறை முழுதாக மிதித்து, கேட்ட பூஸ்டும் வந்த பூஸ்டும் ஒன்றாக ஏறுகின்றனவா என்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி மெக்கானிக்குகள் சிலர்,
டர்பன்