பாகவந்தி பக்கம் நின்ற பெரியம்மாவுக்கு

அன்புள்ள பெரியம்மா,

போன வாரம் போனில் அந்தக் காலத்துத் தூர்தர்ஷன் இந்தித் தொடர் 'ஹம் லோக்' பேச்சு வந்தபோது "அதெல்லாம் யாருக்குடா இப்போ ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து அந்தத் தொடர் எப்படி உருவானது என்று தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன், படித்ததில் ஒரு விஷயம் நேராக உங்களைப் பற்றியே எழுதியது போல இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். பொதுவில் எழுதுகிறேன், ஏனென்றால் மாம்பலத்தில் பல குடித்தனங்கள் இருந்த அந்த ஸ்டோர் வீட்டில் நம்மோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது கண்ணில் பட்டால் படிக்கட்டும்.

கடைசி போர்ஷனில் இருந்த டயனோரா கறுப்பு வெள்ளை டிவி முன்னால் பத்துப் பதினைந்து பேர் உட்காருவோம். டில்லியில் பல வருஷம் குடித்தனம் செய்துவிட்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான், அதனால் நீங்கள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். செய்தி இந்திக்கு மாறியதும் டிவியை அணைத்துவிடுகிற வீடுகள் சென்னையில் நிறைய இருந்த காலம் அது. நம் ஸ்டோரிலும் "இந்தி நாடகத்தை எதுக்குப் பாக்கணும்" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். முதல் நாள் தலைப்புக்கு அர்த்தம் கேட்டபோது நீங்கள் கொஞ்சம் யோசித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 'ஹம்' என்றால் நாமும்தான், நாங்களும்தான், இந்தியில் அந்த வித்தியாசம் கிடையாது, தமிழில் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று விளக்கிவிட்டு, கடைசியில் "நாம்" என்றீர்கள்.

சரி, படித்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கதையின் விதை மெக்சிகோவில் இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா? 1970களில் அங்கே மிகேல் சபிதோ என்பவர், தொலைக்காட்சித் தொடர் வழியாகவே எழுத்தறிவு, குடும்பக் கட்டுப்பாடு போன்றவற்றை மக்களிடம் கொண்டுபோக முடியும் என்று செய்து காட்டினார். 1982இல் நம் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் வசந்த் சாத்தே மெக்சிகோ போய் அதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தார். எழுத வந்தவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி, இந்தி எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர். இயக்கம் பி. குமார் வாசுதேவ். 1984 ஜூலை 7 அன்று முதல் பகுதி ஒளிபரப்பானது. ஒரு நூடுல்ஸ் விளம்பரம் வருமே, இரண்டு நிமிஷத்தில் ரெடி என்று, அந்த மேகிதான் தொடருக்கு ஸ்பான்சர். நாம் அந்த நூடுல்ஸை வாங்கியதே அதைப் பார்த்துத்தான்.

ஆரம்பத்தில் கதை சரியாகப் போகவில்லையாம். முதல் 13 பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பாடம் அதிகம், கதை குறைவு. மக்கள் முகம் சுளித்தார்கள். ஜோஷி பாடத்தைக் குறைத்து வீட்டுக்குள் நடப்பதைக் கூட்டினார்: குடிக்கிற அப்பா பஸேசர் ராம், வேலை தேடி அலையும் மகன் லல்லு, சினிமாக் கனவோடு மஜ்லி, டாக்டராக ஆசைப்படும் சுட்கி, கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் பட்கி. இதற்கப்புறம்தான் நாடே அதன் முன்னால் உட்கார்ந்தது. எனக்கு இதில் ஜோஷி மேல்தான் மரியாதை கூடுகிறது. மேலே இருப்பவர்கள் கொடுத்த திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களின் முகத்தைப் படித்து எழுதினார்.

அப்புறம் நீங்கள் கேட்டால் சந்தோஷப்படுகிற ஒன்றிரண்டு. பாட்டியாக நடித்த சுஷ்மா சேத்தும் பேத்தி மஜ்லியாக நடித்த திவ்யா சேத்தும் நிஜத்தில் அம்மா, பெண். பட்கியாக நடித்த சீமாவும் அதே தொடரில் நடித்த மனோஜ் பஹ்வாவும் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

சபிதோவின் முறையில் பாத்திரங்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். இப்படி இருக்கவேண்டும் என்று காட்டுவதற்குச் சிலர், இப்படி இருக்கக்கூடாது என்று காட்டுவதற்குச் சிலர், நடுவில் தடுமாறி மெதுவாக மாறுகிறவர்கள் சிலர். இதில் அம்மா பாகவந்தி எந்த வகை என்று நினைக்கிறீர்கள்? அவள் இரண்டாவது வகை, பெரியம்மா. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, வாயே திறக்காமல் சமைத்துப் போடும் பெண் இருக்கக்கூடாது என்று சொல்லத்தான் அவளை உருவாக்கினார்கள். அவளைப் பார்த்துப் பெண்கள் "நான் இப்படி இருக்கமாட்டேன்" என்று எழவேண்டும், இதுதான் திட்டம்.

நடந்தது வேறு. அர்விந்த் சிங்கல், எவரெட் ரோஜர்ஸ் என்ற தகவல் தொடர்பு ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு பார்வையாளர்களிடம் பேசி, வந்த கடிதங்களையும் படித்து ஆராய்ந்தார்கள். நிறையப் பெண்கள் பாகவந்தியைத்தான் நல்ல உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆராய்ச்சியில் இதைத் திட்டத்துக்கு எதிராகப் போன விளைவு என்று குறித்திருக்கிறார்கள்.

படித்ததும் உங்கள் முகம்தான் வந்தது. அவள் அடுப்பு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற காட்சிகளில் நீங்கள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிடுவீர்கள். என்ன சொல்றா, என்ன சொல்றா என்று நாங்கள் நச்சரித்தால் "ஒண்ணும் சொல்லலை, பேசாம பாரு" என்பீர்கள். பெரியப்பாவைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

அந்தத் திட்டம் தவறு என்று நான் சொல்லமாட்டேன், அதைப் போட்டவர்கள் நல்லதைத்தான் நினைத்தார்கள். ஆனால் உங்களைப் போன்றவர்கள் பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதுவரை உங்கள் நாளை, உங்கள் அடுப்படியை, உங்கள் மௌனத்தை யார் உங்களுக்குத் திரும்பக் காட்டினார்கள்? முதல் தடவையாக ஒருத்தி அந்தப் பெட்டிக்குள் உங்களைப் போலவே நிற்கிறாள், அவளைப் பார்த்து "இவள் மோசமான உதாரணம்" என்று நீங்கள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அவள் பக்கம் நின்றீர்கள். அதே நீங்கள்தான் அக்காவைப் பத்தாவதோடு நிறுத்த விடாமல், வீட்டில் அத்தனை பேரையும் எதிர்த்துக் கல்லூரிக்கு அனுப்பினீர்கள். பாகவந்தியையும் நேசித்தீர்கள், பெண் பாகவந்தியாக ஆகிவிடாமலும் பார்த்துக்கொண்டீர்கள். அந்த ஆராய்ச்சிக்காரர்கள் நம் ஸ்டோருக்கு வந்திருந்தால் அவர்களுடைய மூன்று வகையில் உங்களை எதில் போட்டிருப்பார்கள்?

ஒவ்வொரு பகுதி முடிவிலும் இந்தி நடிகர் அசோக் குமார் வந்து அன்றைய கதையைப் பற்றி நம்மிடம் பேசுவாரே, அதுவும் மெக்சிகோ முறைதான், எல்லோரும் மதிக்கிற ஒருவர் வந்து கதையையும் வாழ்க்கையையும் முடிச்சுப்போட வேண்டும் என்பது. பின்னாட்களில் 'ஹம் லோக்' என்பதை இந்திய மொழிகளில் சொல்லி முடிப்பார், இன்றைக்குத் தமிழில் சொல்வாரா என்று நீங்கள் காத்திருப்பீர்கள். அந்த 17 மாதத்தில் வந்த கடிதங்கள் 4 லட்சத்துக்கும் மேலாம். எங்கள் கல்யாணத்துக்கு அப்பா அம்மாவைச் சம்மதிக்க வையுங்கள் என்றுகூட அவருக்கு எழுதியிருக்கிறார்கள் இளைஞர்கள். பாட்டிக்குப் புற்றுநோய் என்று கதை போனபோது அவளைச் சாகடிக்காதீர்கள் என்று கடிதங்கள் குவிந்து, அந்தப் பாத்திரத்தையே நீட்டித்தார்களாம். 156 பகுதிகள் ஓடி 1985 டிசம்பர் 17 அன்று முடிந்தது.

அந்த நாலு லட்சத்தில் ஒன்று உங்களுடையது, பெரியம்மா. அதை முனைத்தெரு தபால் பெட்டியில் போட்டது நான்தான். இந்தியில் எழுதியிருந்தீர்கள், ஒட்டியும் விட்டீர்கள், என்ன எழுதினீர்கள் என்று கேட்டதற்குப் "பாட்டி பொழைக்கணும்னு எழுதியிருக்கேன்" என்றீர்கள். அதற்கு அந்த இன்லண்ட் லெட்டரின் மடிப்பு ஓரம் வரைக்கும் நுணுக்கி நுணுக்கி எழுதவேண்டிய அவசியம் இல்லையே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதில் பாட்டியைப் பற்றி மட்டும்தான் எழுதினீர்களா, பாகவந்தியைப் பற்றியும் எழுதினீர்களா என்று எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளை