வெளிநாட்டுப் பயணத்துக்கேற்ற தூண்டில் கோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கு வெளிநாடு செல்லும்போது தூண்டிலையும் உடன் எடுத்துச் செல்ல விரும்புவோர் பலர், மடக்கினால் எவ்வளவு சிறிதாகும் என்பதை மட்டுமே பார்த்துக் கோலை வாங்கிவிடுகிறார்கள். பிடிக்கப்போகும் மீன் எது, வீசப்போகும் எடை எவ்வளவு என்பவற்றை முதலில் முடிவுசெய்து, நீளத்தை அதன் பிறகே பார்க்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொள்ளும் டெலஸ்கோப்பிக் கோல்தான் எல்லாவற்றிலும் சிறிதாக மடங்கும். ஆனால் அதில் பெரும்பாலும் ஒவ்வொரு கண்ணியின் (குழாய்த் துண்டின்) நுனியில்தான் தூண்டில் நரம்பு செல்லும் வளையம் இருக்கும் என்பதால், மீனின் இழுப்பில் கோல் வளையும்போது நரம்பு அந்த வளைவை ஒட்டி ஓடுவதில்லை. மணலோ உப்போ இணைப்புக்குள் புகுந்துவிட்டால் கண்ணிகள் இறுகிக்கொள்ளும். அவற்றைப் பிரிக்க முயன்று கோலையே முறித்தவர்கள் உண்டு. டெலஸ்கோப்பிக் வகையைத் தவிர்க்கலாம் என்றாலும், நரம்பைச் சுற்றும் ரீல் இல்லாத ஜப்பானியத் தென்காரா கோல் மட்டும் விலக்கு. மலை ஓடைகளில் சிறுமீன் பிடிக்க அது மிக நன்று.

மற்றபடி, நான்கு அல்லது ஐந்து துண்டுகளாகப் பிரியும் கோலையே நான் பரிந்துரைப்பேன். விமானத்தின் உள்ளே கொண்டுசெல்லும் பைக்குப் பல நிறுவனங்கள் 55 செ.மீ. நீளத்தையே அனுமதிக்கின்றன. 2.1 மீட்டர் கோல் நான்கு துண்டானால், இணைப்புப் பகுதியையும் சேர்த்து ஒவ்வொன்றும் அந்த அளவைத் தாண்டிவிடக்கூடும்; ஐந்து துண்டானால் தாராளமாக அடங்கும். 10 முதல் 30 கிராம் வரை வீசக்கூடிய கோல் ஒன்று இருந்தால் ஏரிக்கும் கடற்கரைப் பாறைக்கும் போதும். கடையிலேயே எல்லாத் துண்டுகளையும் பூட்டி, அடியிலிருந்து நுனிவரை ஒரு கண்ணை மூடிப் பார்த்து வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கவனியுங்கள். மெல்ல ஆட்டினால் இணைப்பில் சத்தம் கேட்கக் கூடாது. துண்டுகள் அதிகமானால் இணைப்புகளும் அதிகமாகும் என்பதால், மெழுகுவர்த்தியை இணைப்பில் இலேசாகத் தேய்த்துவைப்பதும், மீன் பிடிக்கும்போது அவ்வப்போது இறுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

ரீலின் அளவைக் குறிக்கும் எண் 2500 அல்லது 3000 என்றுள்ள ஒன்று போதும். இரண்டாவது ரீலுக்குப் பதில் மாற்று ஸ்பூல் (நரம்பு சுற்றும் உருளை) ஒன்று எடுத்துச் சென்றால் சுமை வெகுவாகக் குறையும். ஒன்றில் பல இழைகளால் பின்னிய மெல்லிய பிரெய்டும் மற்றதில் சாதாரண நைலான் நரம்பும் சுற்றிக்கொள்ளலாம். பிரெய்டு வழுக்கிச் சுழலாதிருக்க, அடியில் சில சுற்று நைலான் இருக்க வேண்டும். கைப்பிடியைக் கழற்றிவிட்டால் ரீல் ஒரு காலணிக்குள் அடங்கிவிடும்.

தூண்டில் முட்களையும் முள் பூட்டிய லூர்களையும் (போலி இரைகளையும்) கைப்பையில் வைக்காமல், சரக்கில் போடும் பெட்டியில் நுனி மூடி வைப்பதே பாதுகாப்பானது. சோதனையில் பறிகொடுத்து வருந்த நேராது. நரம்பை நீரில் தாழ்த்தும் ஈயக்குண்டுகளை எடுத்துச் செல்லவே வேண்டாம். அவை வெறும் சுமை என்பதோடு, சில நாடுகளில் சட்டமும் குறுக்கே நிற்கும். அன்னங்கள் அவற்றை விழுங்கி நஞ்சேறி இறந்ததால், 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையைப் பிரிட்டன் 1987-இலேயே தடைசெய்தது. போகும் இடத்தில் விற்கப்படும் குண்டுகளே அந்த இடத்துச் சட்டத்துக்கும் நீருக்கும் பொருந்தும். உரிமச்சீட்டு விதிகளையும் புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தின் ஆறு, ஏரிகளில் 13 வயது நிரம்பியவர்கள் உரிமம் பெற்றாக வேண்டும்.

பயன்படுத்திய தூண்டில் பொருள்களை நியூசிலாந்துக்குள் கொண்டுவருவோர் அவற்றை அறிவிக்க வேண்டும். அவை கழுவி உலர்த்தப்பட்டிருக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டிவரும் பாசியும் நுண்ணுயிரும் புதிய நீரில் பரவிவிடும் என்பதே காரணம். விதி எதுவும் இல்லாத நாட்டுக்குப் போனாலும், பெட்டியில் அடுக்குவதற்கு முன் கோலையும் ரீலையும் நன்னீரில் அலசிக் காயவைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தூண்டிலில் ஈடுபாடுள்ள வாசகர்