வெந்நீருக்கு வந்த பணம்

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய ஒன்றரை லட்சம் ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டது. 'வெந்நீருக்கு' என்ற ஒரு சொல்லைத் தவிர அதனோடு நீ வேறு எதையும் எழுதவில்லை. அன்று மாலை அப்பா அழைத்தபோது நீ போனை எடுக்கவும் இல்லை. வேலை அதிகமாக இருந்திருக்கும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால், நான் சொல்ல வேண்டியதைக் கணக்கோடு உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் உன் பெங்களூர் வீட்டு விஷயம். போன மாதம் பாப்பா என்னிடம் பேசும்போது, குளித்துவிட்டு வந்தால் தலை வலிக்கிறது என்று சொன்னாள். மருமகள் அதைத் தூக்கம் போதாததால் வரும் தலைவலி என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் வாடகைக்கு வந்தபோதே அந்தக் குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டப்பட்டிருப்பதைப் பார்த்து நான் முகம் சுளித்தது உனக்கு நினைவிருக்கும். எரிவாயு முழுமையாக எரியப் போதிய காற்று வேண்டும்; குளிருக்குப் பயந்து ஜன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு குளிக்கும் சிறிய அறையில், இருக்கிற ஆக்சிஜன் குறையக் குறைய, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு கால் தளர்ந்து விழுவது என்று அது போகும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பவர் விழுந்தால் வெளியே இருப்பவருக்குத் தெரியாது. 'கேஸ் நாற்றம் ஏதும் வரவில்லையே' என்று நீ சொல்லாதே. சிலிண்டர் வாயு கசிந்தால் தெரியட்டும் என்று அதில் நாற்றத்தைச் சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் கிடையாது, நிறமும் கிடையாது. அதனால் இன்றிலிருந்து அந்தக் கீசரை யாரும் பயன்படுத்த வேண்டாம். பாப்பாவுக்குச் சமையலறையில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள். வீட்டு உரிமையாளர் ஒப்புக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டாம்.

இனி நீ அனுப்பிய பணத்துக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது நம் வீட்டுப் பழைய கீசரின் அடியில் துருப்பிடித்த நீர் சொட்டுவதைப் பார்த்து, ஹீட் பம்ப் வகை வெந்நீர்க் கருவியை வாங்க வேண்டும் என்று நீ சொன்னாய். சொன்னதை மறக்காமல் செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறாய். எட்டாம் வகுப்பில் தகரப் பெட்டிக்குக் கறுப்பு மை பூசி, மேலே ஜன்னல் கண்ணாடியை வைத்துத் தண்ணீர் சூடாக்கிக் காட்டி, அறிவியல் கண்காட்சியில் பார்த்தவர்களுக்கெல்லாம் நின்று விளக்கிய பிள்ளை நீ. வெந்நீர் என்றால் உனக்கு அக்கறை வருவது எனக்குப் பெருமைதான். ஆனால் பணம் அனுப்பும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் இந்தக் கணக்கைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

ஹீட் பம்ப் நல்ல கருவி என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. நம் வீட்டுக் கீசர் மின்சாரத்தையே வெப்பமாக மாற்றுகிறது. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு மேல் அதனால் தர முடியாது. ஹீட் பம்ப் அப்படியல்ல. ஃபிரிட்ஜ் தன் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுவதைப் போல, அது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி, கம்ப்ரசரின் உதவியால் தண்ணீருக்குள் ஏற்றுகிறது. மின்சாரம் அந்த வெப்பத்தை இடம் மாற்றுவதற்கு மட்டுமே செலவாகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக அது வேலை செய்யும். அப்படியென்றால் வேலூரில் அது மிகச் சிறப்பாக ஓடும் மாதங்கள் சித்திரையும் வைகாசியும்தான். அந்த மாதங்களில் நம் மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வரும் தண்ணீரைக் கத்திரி வெயிலில் கையால் தொட முடியாது என்பதும், முதல் நாள் இரவே பக்கெட்டில் பிடித்து ஆறவைத்துத்தான் குளிக்கிறோம் என்பதும் உனக்குத் தெரியாததா?

நமக்கு வெந்நீர் தேவைப்படுவது கார்த்திகை முதல் மாசி வரை. மழை நாட்களையும் சேர்த்து ஆண்டில் ஐந்து மாதம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆயா, அப்பா, நான் ஆகிய மூவருக்கும் ஆளுக்கு ஒரு பக்கெட். மாலையில் ஆயாவின் முழங்காலுக்கு இன்னொன்று. ஒரு பக்கெட்டுக்கு 20 லிட்டர், தொட்டித் தண்ணீர் 25 டிகிரி, குளிக்க 40 டிகிரி. ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஆக ஒரு பக்கெட்டுக்கு 300 கிலோ கலோரி, நான்குக்கு 1,200. ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஹீட் பம்ப் வைத்தால் இதில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சமாகும் என்றாலும், அது நாளொன்றுக்கு ஒரு யூனிட்டைத் தாண்டாது. யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று தாராளமாகவே போட்டுப் பார்த்தேன். ஆண்டு முழுவதற்கும் மிச்சம் ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. நம் வீட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதிலும் ஒரு பகுதி எப்படியும் இலவசம். ஒன்றரை லட்சத்தைப் போட்டு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க உன் பணத்தை நான் எடுக்க மாட்டேன். விடுதிக்கோ மருத்துவமனைக்கோ, ஆண்டு முழுவதும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான லிட்டர் வெந்நீர் போகும் இடத்துக்கோ அது சரியான பொருள். மூன்று முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு அல்ல.

சூரிய வெப்பத்தில் ஓடும் கருவியையும் எண்ணிப் பார்த்தேன். எனக்கு மனத்துக்குப் பிடித்தது அதுதான். சூடான நீர் இலேசாகி மேலே ஏறித் தொட்டிக்குப் போக, குளிர்ந்த நீர் கீழே இறங்கி வர, மோட்டார் ஏதும் இல்லாமல் தானாகவே சுற்றிக்கொண்டிருப்பதை எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்திருப்பேன்! ஆனால் நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்து நிற்கிறது. வானம் மூடியிருக்கும் அந்த நாட்களில்தான் ஆயாவுக்கு வெந்நீர் அவசியம். அப்போது அதற்குள்ளும் மின்சாரத்தில் சூடேறும் சுருள் கம்பி ஒன்று வேண்டும். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு இன்னொரு தொல்லை. தண்ணீர் சூடேறும்போதுதான் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு படியும். 60 டிகிரிக்கு மேல் போனால் இன்னும் வேகமாகப் படியும். கோடையில் யாரும் பயன்படுத்தாமல் கொதித்துக்கொண்டே இருக்கும் அந்தக் குழாய்களை யார் மாடி ஏறிக் கழுவுவது? அப்பாவை இனி ஏணியில் ஏற விடமாட்டேன். பக்கத்து வீட்டில், அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறதே, ஏன் போடவில்லை என்று கேட்டார்கள். 2024-இல் வந்த அந்தத் திட்டம் மாடியில் மின்சாரம் எடுக்கும் தகடுகளுக்கானது, வெந்நீர்க் கருவிக்கு அல்ல என்று விளக்கிச் சொன்னேன்.

அதனால் நான் முடிவு செய்திருப்பது இதுதான். 15 லிட்டரில், ஐந்து நட்சத்திரக் குறியுள்ள சாதாரண மின்சாரக் கீசர். பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், அதை என் ஓய்வூதியத்திலேயே வாங்கிக்கொள்வேன். பழைய கீசரில் வெந்நீரைத் திறக்காமல் ஒரு நாள் முழுவதும் சுவிட்சை மட்டும் போட்டுவைத்து மீட்டரைப் பார்த்தேன். ஒரு யூனிட்டுக்கு மேல் சும்மாவே போயிருந்தது. நாம் குளிக்கும் செலவுக்கு ஏறக்குறைய ஈடாக, தொட்டியின் சுவர் வழியாகவே வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. புதியதில் உள்தொட்டியைச் சுற்றிய நுரைப்பூச்சு தடிமனாக இருப்பதால் அந்த இழப்பு மிகவும் குறையும். வெப்ப அளவை 50 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து, குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, குளித்ததும் அணைத்துவிட்டால் போதும். அப்பாவிடம் சுவிட்சைப் பற்றி நீயும் ஒருமுறை சொல். நான் சொன்னால் கேட்பதில்லை. உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பி தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதற்கென்றே வைக்கப்படுவது. நம் தண்ணீருக்கு அதை ஆண்டுதோறும் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய கீசரில் அதைத் திறந்தபோது வெறும் கம்பி நுனிதான் மிஞ்சியிருந்தது. எலெக்ட்ரீசியனிடம் எர்த் கம்பியைச் சோதிக்கவும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றைப் பொருத்தவும் சொல்லியிருக்கிறேன்.

உன் வீட்டுக்கும் இதையேதான் சொல்கிறேன். பெங்களூரில் ஆண்டில் பெரும்பாலான காலைகளில் வெந்நீர் வேண்டும், குழந்தையும் இருக்கிறாள். சொந்த வீடாக இருந்தால் சூரியக் கருவியே போடு என்பேன். வாடகை வீட்டில், கழற்றி எடுத்துப் போகக்கூடிய மின்சாரக் கீசர் போதும். உரிமையாளர் பணம் தர மறுத்தால் அவரோடு வாதாடாமல் நீயே வாங்கி மாட்டு. கேஸ் கீசரை வைத்தே தீருவேன் என்று அவர் சொன்னால், அது குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். உள்ளே குழாய் மட்டும் வரட்டும். பாப்பாவுக்கு இன்னும் தலைவலி வருகிறதா என்று கேட்டு எனக்குச் சொல். மருமகளுக்கும் வருகிறதா என்று கேள். ஒரே வீட்டில் இருவருக்கும் வந்தால் அது தூக்கக் குறைவு அல்ல.

இங்கே எல்லோரும் நலம். குடியாத்தம் மாமா வந்திருந்தார். உன் நிறுவனத்தைப் பற்றிச் செய்தித்தாளில் ஏதோ வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால் வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயாவிடம் "குளிச்சிட்டியா" என்று கேட்பவன் இப்போது கேட்பதில்லை. ஆயா என்னிடம்தான் அதற்குக் காரணம் கேட்கிறார், நான் ஒவ்வொரு வாரமும் ஒன்றைச் சொல்கிறேன். பெற்றோருக்கு வசதி செய்து கொடுக்க வேண்டும் என்ற உன் எண்ணம் பெரியது; அதைப் பணத்தால் மட்டுமே செய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்று எண்ணாதே. இப்போதைக்குக் கையில் பணம் இருப்பது உனக்குத்தான் அவசியம். வீட்டு வாடகை, பாப்பாவின் பள்ளிக் கட்டணம் எல்லாம் இருக்கின்றன. எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மூவரும் இங்கே வந்து எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கலாம். மேல் அறையைக் கழுவி வைத்திருக்கிறேன்.

குளியலறையின் படத்தை, கீசரும் ஜன்னலும் தெரியும்படி எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கீசரைக் கழற்றிவிட்டேன் என்று எழுதினால் போதாது, படம் வேண்டும். ஒன்றரை லட்சத்தை வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போய் அப்படியே திருப்பி அனுப்புகிறேன். நீ அனுப்பியது உன் சம்பளக் கணக்கிலிருந்து என்று பாஸ்புக்கில் பார்த்தேன். அதே கணக்குக்கு அனுப்பலாமா, வேறு கணக்கு எண் தருவாயா என்பதை மட்டும் அதற்குள் எனக்குத் தெரிவி.

அன்புடன்,
அம்மா