படக்குறிப்பைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் கடல்சார் படிப்புகள் குறித்த கட்டுரைக்குப் போட்ட படத்தின் கீழே, 'வீடியோ கேம் போலக் கப்பல் ஓட்டிப் பழகும் மாணவர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் இருப்பது எஞ்சின் ரூம் சிமுலேட்டர்; கப்பலின் எஞ்சின் அறையைத் திரையில் இயக்கிப் பழகும் பயிற்சிக் கருவி. அங்கே யாரும் கப்பல் ஓட்டுவதில்லை. அது மேலே பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், நடக்கும் வேலை. கீழ்த்தளத்தில் வேலை செய்கிறவர்களை உங்கள் பத்திரிகை எப்போதுமே கண்டுகொண்டதில்லை. அந்த வருத்தம் பழையது.

வட கடல் போன்ற பகுதிகளில், புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவி நீக்கும் ஸ்க்ரப்பர் இல்லாத கப்பல் 0.10 சதவீதத்துக்கு மேல் கந்தகம் உள்ள எரிபொருளை எரிக்கக் கூடாது என்ற விதி 2015 முதல் இருப்பது தங்களுக்குத் தெரியும். அதற்காக, சுமார் 135 டிகிரியில் ஓடும் கனரக எண்ணெயிலிருந்து 45 டிகிரியில் ஓடும், கந்தகம் குறைந்த, டீசல் போன்ற கேஸ் ஆயிலுக்கு மாற வேண்டும். நிமிடத்துக்கு 2 டிகிரிதான் இறக்கலாம். கணக்குப் போட்டால் முக்கால் மணி நேரம். அவசரப்பட்டால் பியூயல் பம்பின் பேரல் என்ற உருளை சுருங்கி, உள்ளே ஏறி இறங்கும் பிளஞ்சர் தண்டைக் கவ்விக்கொள்ளும்; இரண்டுக்கும் நடுவே சில மைக்ரான்தான் இடைவெளி. ஹீட்டருக்குப் போகும் நீராவியை மூட மறந்தாலோ, கேஸ் ஆயில் ஆவியாகி, பம்பில் அழுத்தம் விழுந்து மெயின் எஞ்சினே நின்றுவிடும். கப்பல் நெரிசலில் இதைத் தவறாகச் செய்து பார்த்துக் கற்க முடியாது. சிமுலேட்டரில் பத்து முறை செய்து பார்க்கலாம்.

அதை விளையாட்டாக்கியவர்கள் எங்கள் பக்கமும் உண்டு, மறைக்கவில்லை. ஒரு திரைக்கு ஆறு பேரை உட்கார வைத்தால், ஒருவன் மவுசைப் பிடிப்பான், ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். என்ன பழுது வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். விளைவு, அலாரம் அடித்ததும் மாணவனின் கை, 'பார்த்துவிட்டேன்' என்று பதிவு செய்யும் அக்னாலெட்ஜ் பட்டனுக்குப் போகிறது. எந்த அலாரம் என்று கண் படிப்பதில்லை. லூப் ஆயில் (மசகு எண்ணெய்) அழுத்தம் குறைந்து எஞ்சின் ட்ரிப் ஆகி, தானாகவே நின்றால், காரணம் தேடாமல் ரீசெட் செய்து திரும்பத் திரும்ப ஸ்டார்ட் கொடுக்கிறான். எஞ்சினைக் கிளப்ப 30 பார் அழுத்தத்தில் சேர்த்துவைத்த காற்றான ஸ்டார்ட்டிங் ஏர் தீர்ந்துபோகிறது. இதே பழக்கத்தோடு கப்பலேறினால் பேரிங் உருகும்.

எஞ்சினைக் கிளப்பும் முன், அதை மெதுவாகச் சுழற்றும் டர்னிங் கியரை விலக்குவதும், சிலிண்டர்களில் உள்ள இண்டிகேட்டர் காக்குகள் என்ற சிறு வால்வுகளைத் திறந்து ஊதிப் பார்ப்பதும் திரையில் ஒரு கிளிக். பைப்பைத் தொட்டுச் சூடு பார்க்கும் கைப்பழக்கத்தையும் திரை தராது. அதற்கு வொர்க்ஷாப் வேண்டும். உங்கள் கட்டுரை வொர்க்ஷாப் பக்கமே போகவில்லை.

நான் கேட்பது ஒரு வரிதான். அடுத்த இதழில், 'எஞ்சின் ரூம் சிமுலேட்டரில் பயிற்சி பெறும் மாணவர்கள்' என்று அந்தப் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மரைன் இன்ஜினியரிங் ஆசிரியர் ஒருவர்,
சென்னை